வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் போட்ட ஓட்டு

போன இதழில் ருமேனியாவைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். 2018இல் அங்கே தன்பாலினத் திருமணம் எக்காலத்திலும் வந்துவிடாதபடி அரசமைப்புச் சட்டத்தில் வேலி போட ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது, ஓட்டுப் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 'சரி' என்றார்கள், ஆனாலும் வேலி விழுந்துவிட்டது என்று. அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவே இல்லை. அதனால் இந்த வாரம் சினிமா, கிரிக்கெட் கேள்விகள் எல்லாம் கொஞ்சம் ஓரமாக நிற்கட்டும்.

கே.எஸ்., ஈரோடு: பத்துக்கு ஒன்பது பேர் சரி என்று சொல்லியும் தோற்றதா? கணக்கு இடிக்கிறதே ஐயா?

இடிக்கவில்லை. உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செயலாளர் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு 'கோரம் இல்லை' என்பார். (இருக்கிற ஏழு பேரின் முகத்தைப் பார்த்தால் கோரம் இருப்பதுபோலத்தான் தெரியும், அது வேறு.) ருமேனியாவில் நடந்ததும் அதுதான். வாக்காளர்களில் 30 சதவீதம் பேராவது ஓட்டுப் போட்டால்தான் வாக்கெடுப்பு செல்லும் என்பது அங்கே விதி. அக்டோபர் 6, 7 என்று சனி ஞாயிறு இரண்டு நாள் பூத்தைத் திறந்து வைத்திருந்தும் வந்தவர்கள் 21.1 சதவீதம்தான்.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொரு எண். 'குடும்பத்துக்கான கூட்டணி' என்ற அமைப்பு இந்த வாக்கெடுப்பைக் கேட்டு 30 லட்சம் கையெழுத்து வாங்கியிருந்தது. கடைசியில் விழுந்த 'சரி' ஓட்டு சுமார் 35 லட்சம். வாக்காளர்கள் மொத்தம் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு மேல். அதாவது கையெழுத்துப் போட்ட கூட்டத்துக்கு வெளியே அவர்களால் பெரிதாக யாரையும் கிளப்ப முடியவில்லை. நாடாளுமன்றத்தில் பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரவு, ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஆதரவு, எதிர்த்தது ஒரு சின்னக் கட்சி. அப்படியும் இந்த நிலைமை.

காரணம் பல. எதிர்த்தவர்கள் "வேண்டாம் என்று குத்துங்கள்" என்று கேட்கவில்லை, "வீட்டிலேயே இருங்கள்" என்றார்கள். ஆளுங்கட்சித் தலைவர் லிவியு டிராக்னியா ஏற்கெனவே நீதிமன்றத்தில் தண்டனை வாங்கியவர், தன் வழக்குகளிலிருந்து மக்கள் கவனத்தைத் திருப்பத்தான் இந்தக் கூத்து என்று நிறைய பேர் நினைத்தார்கள். அப்புறம், தன்பாலினத் திருமணம் கூடாது என்று அந்நாட்டு உரிமையியல் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டுப் போடுவதற்காக ஞாயிற்றுக்கிழமை குளித்துக் கிளம்பி வா என்றால் எத்தனை பேர் வருவார்கள்?

ஆர்.எம்., நாகர்கோவில்: அப்படியென்றால் வாக்குப்பதிவு குறைந்தால் பழமைவாதிகளுக்குத் தோல்வி என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பக்கத்திலேயே குரோஷியா இருக்கிறது, பாருங்கள். 2013 டிசம்பர் 1 அன்று திருமணம் என்றால் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் சேர்வது மட்டுமே என்று அரசமைப்புச் சட்டத்தில் எழுதலாமா என்று கேட்டார்கள். வாக்குப்பதிவு 37.9 சதவீதம். ருமேனியாவைவிட அதிகம்தான், ஆனால் பாதிகூட இல்லை. வந்தவர்களில் 65.9 சதவீதம் பேர் எழுதலாம் என்றார்கள். பெருக்கிப் பார்த்தால் மொத்த வாக்காளர்களில் நாலில் ஒரு பங்கு. அது போதுமானதாக இருந்தது. எழுதியாகிவிட்டது.

ஏனென்றால் அங்கே 'கோரம்' கிடையாது. முன்பு இருந்தது, 2010இல் எடுத்துவிட்டார்கள். எதற்காக எடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதற்கு ஒரு வாக்கெடுப்பு வரப்போகிறது, பாதிப் பேர்கூட வராமல் அது செல்லாமல் போய்விட்டால் மானம் போய்விடுமே என்ற பயம். பயந்தபடியே 2012 ஜனவரியில் 43.5 சதவீதம்தான் வந்தது, விதி மாறியிருந்ததால் தப்பித்தார்கள். ஆக ஐரோப்பாவுக்குப் போக ஆசைப்பட்டவர்கள் உடைத்த சுவர் வழியாக அடுத்த ஆண்டே ஐரோப்பியப் போக்கு பிடிக்காதவர்கள் உள்ளே வந்தார்கள்.

ஸ்லோவேனியாவில் விதி இன்னும் நுணுக்கம். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தைத் தள்ளவேண்டுமானால், எதிர் ஓட்டு அதிகமாக இருந்தால் மட்டும் போதாது, அந்த எதிர் ஓட்டு மொத்த வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அந்த மாதிரி விதி இருந்தால் ஆதரவாளர்கள் வீட்டில் உட்கார்ந்து எதையும் தடுக்க முடியாது. தன்பாலினத் திருமணத்தை அனுமதித்த சட்டத்தின் மேல் 2015 டிசம்பர் 20 அன்று நடந்த வாக்கெடுப்புக்கு 36.4 சதவீதம் பேர் வந்தார்கள், அவர்களில் 63.5 சதவீதம் எதிர்ப்பு, பெருக்கினால் 23 சதவீதம். கோட்டைத் தாண்டிவிட்டது, சட்டம் போச்சு. (2022இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தடையே செல்லாது என்று சொல்லி, நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தி, இப்போது அங்கே தன்பாலினத் திருமணம் உண்டு.)

ஸ்லோவாக்கியாவில் 50 சதவீதம் வந்தாக வேண்டும். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும்தானே என்று 2015 பிப்ரவரியில் கேட்டபோது வந்தது 21.4. கேள்வி கேட்டவர்களுக்கு 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு, பலன் பூஜ்யம்.

இந்த நாலு நாட்டிலும் திரண்டுவந்த பழமைவாதிகளின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், மொத்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் முதல் நாலில் ஒருவர் வரை. இரண்டு நாட்டில் வெற்றி, இரண்டு நாட்டில் தோல்வி. பத்திரிகைகள் இதை 'மக்கள் மனநிலை' என்று எழுதுகிறபோது எனக்குச் சிரிப்பு வரும். விதிப் புத்தகத்தின் மனநிலை என்று எழுதலாம்.

ஜே.பி., பாளையங்கோட்டை: பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னால் ஓட்டு விழுமா, விழாதா? எங்கள் ஊர் அனுபவத்தில் கேட்கிறேன்.

உங்கள் ஊர் அனுபவத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்! அந்த நாடுகளைப் பொறுத்தவரை, கையெழுத்து விழுகிறது, ஓட்டு அதே அளவுக்கு விழுவதில்லை. குரோஷியாவில் 'குடும்பத்தின் பெயரால்' என்ற இயக்கத்துக்குச் சட்டம் கொடுத்த அவகாசம் இரண்டே வாரம். அதற்குள் ஏழு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கிக் காட்டினார்கள். அப்போது நாற்பது லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த நாட்டில் இது சாதாரணமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஒரு மேஜை, நாலு பேனா, தெரிந்த முகம் ஒன்று. இதுபோன்ற வலைப்பின்னல் எந்தக் கட்சிக்கும் சும்மா அமையாது.

ஆனால் கையெழுத்து நம்மைத் தேடி வருகிறது, ஓட்டுக்கு நாம் போக வேண்டும். கையெழுத்துப் போட ஒரு நிமிடம், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கும்போது 'மாட்டேன்' என்று சொல்வதுதான் கஷ்டம். பூத்துக்குள் அந்தத் தாட்சண்யம் இல்லை, பூத்துக்கே போகாமல் இருப்பதற்குத் தாட்சண்யமே வேண்டாம்.

ருமேனியாவில் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 80 சதவீதத்துக்கு மேல் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். சபை சொல்வதெல்லாம் ஓட்டாக மாறுமானால் 21 சதவீதத்தில் நின்றிருக்குமா? வடகிழக்கில் சுசியாவா மாவட்டத்தில் மட்டும் 30ஐத் தாண்டியது, நாட்டிலேயே அதிகம் அதுதான். ஸ்லோவாக்கியாவிலோ வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்னால் போப் பிரான்சிஸே வாடிகனில் ஸ்லோவாக்கிய யாத்திரிகர்களிடம் இந்த முயற்சியைப் பாராட்டிப் பேசினார். அப்படியும் ஐந்தில் நாலு பேர் வரவில்லை. அந்த நாட்டில் இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது: வாக்கெடுப்பு என்றாலே போகாமல் இருப்பது. அதற்கு முன் நடந்தவற்றில் 2003இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதற்கு நடந்தது ஒன்றுதான் பாதியைத் தாண்டியிருந்தது, அதுவும் 52 சதவீதத்தில் தட்டுத்தடுமாறி.

எம்.வி., கும்பகோணம்: அயர்லாந்தும் கத்தோலிக்க நாடுதானே? அங்கே மட்டும் தன்பாலினத் திருமணம் ஓட்டில் ஜெயித்தது எப்படி?

அங்கே கோரம் இல்லை, அதனால் வீட்டில் உட்காருவது யாருக்கும் லாபமில்லை. வந்து குத்தினால்தான் உண்டு. ஒரு பழைய பாடமும் எல்லோர் மனதிலும் இருந்தது. 1995 நவம்பரில் விவாகரத்தை அனுமதிக்கலாமா என்ற வாக்கெடுப்பில் 16 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்து, வித்தியாசம் வெறும் 9,114. அன்று நாட்டின் மேற்குப் பக்கம் மழை. பழமைப் பிடிப்புள்ள மேற்குக்காரர்கள் குடையை மடக்கிவைத்துவிட்டு வீட்டில் இருந்ததால்தான் விவாகரத்து வந்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அளந்து பார்க்க முடியாத வாதம், ஆனால் 9,114 என்ற எண்ணைப் பார்த்தால் மழையைத் திட்டத் தோன்றத்தான் செய்யும்.

அதனால் 2015 மே 22 அன்று நடந்த தன்பாலினத் திருமண வாக்கெடுப்புக்கு முன்னால் ஆதரவாளர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். கூடுதல் வாக்காளர் பட்டியலில் மட்டும் 65,000க்கு மேல் புதுப் பெயர்கள் சேர்ந்தன. வெளிநாட்டில் வேலை பார்க்கிற அயர்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தபால் ஓட்டு கிடையாது, போய் 18 மாதத்துக்குள் இருந்து திரும்பி வருகிற எண்ணமும் இருந்தால் ஓட்டுரிமை இருக்கும், ஆனால் ஆளே நேரில் வர வேண்டும். வந்தார்கள். லண்டனிலிருந்து ரயில் பிடித்து வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகம், அங்கிருந்து கப்பல், டப்ளினில் இறங்கித் தோள்பையோடு நேராக பூத். விமான நிலையங்களிலும் அதே காட்சி. தீபாவளிக்குக் கோயம்பேட்டில் ஊருக்குப் பஸ் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, வித்தியாசம் என்னவென்றால் இவர்கள் போனது ஒரே ஒரு பென்சில் குறி போட.

வாக்குப்பதிவு 60.5 சதவீதம், ஆதரவு 62. மொத்தம் 43 தொகுதிகளில் ராஸ்காமன்-தெற்கு லீட்ரிம் ஒன்றுதான் வேண்டாம் என்றது, அதுவும் கொஞ்ச வித்தியாசத்தில். இன்னொரு விஷயம், யாரும் கவனிப்பதில்லை: அதே நாள் அதே மக்களிடம் குடியரசுத் தலைவராக நிற்க வயது வரம்பை 35லிருந்து 21ஆகக் குறைக்கலாமா என்றும் கேட்டார்கள். 73 சதவீதம் பேர் 'போய்யா' என்றுவிட்டார்கள். ஏதோ அலையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார்கள் என்று சொல்ல முடியாதபடி ஆயிற்று.

டி.ஏ., சேலம்: 2004இல் புஷ் ஜெயித்ததே இந்த வாக்கெடுப்புகளால்தான் என்று படித்தேன். உண்மையா?

கதை நன்றாக இருப்பதால் நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன். 2004 நவம்பர் 2 அன்று அதிபர் தேர்தலோடு சேர்த்து 11 மாநிலங்களில் தன்பாலினத் திருமணத் தடைக்கு ஓட்டுக் கேட்டார்கள், பதினொன்றிலும் தடை ஜெயித்தது. ஒஹாயோவில் புஷ் சுமார் 1,18,000 ஓட்டில் ஜெயித்தார், அந்த மாநிலம் போயிருந்தால் வெள்ளை மாளிகையும் போயிருக்கும். அதே ஒஹாயோவில் தடைக்கு 62 சதவீத ஆதரவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, தடைக்கு ஓட்டுப் போட வந்த பக்திமான்கள் போகிறபோக்கில் புஷ்ஷுக்கும் குத்திவிட்டுப் போனார்கள் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த வருடம் இந்தக் கேள்வியே இல்லாத மாநிலங்களிலும் வாக்குப்பதிவு ஏறியது. ஈராக் போர் நடக்கிற நேரம், இரண்டு கட்சியும் தெருத்தெருவாக ஆள் திரட்டிய தேர்தல். அரசியல் அறிஞர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து வரவில்லை.

ஆனால் ஒன்று நிச்சயம்: அரசியல்வாதிகள் அதை நம்பினார்கள். மிசூரி மாநிலத்தில் இதே வாக்கெடுப்பை நவம்பரில் வைக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சித் தரப்பும், அதெல்லாம் வேண்டாம் ஆகஸ்டிலேயே முடித்துவிடலாம் என்று ஜனநாயகக் கட்சித் தரப்பும் மோதி, மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் ஆகஸ்ட் 3 என்று ஆனது. தடை 71 சதவீதத்தில் ஜெயித்தது. தோற்பது ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு முன்பே தெரியும், நவம்பரில் தோற்காமல் ஆகஸ்டில் தோற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. வட கரோலினாவில் 2012இல் மே மாதம், கட்சிகளின் வேட்பாளர் தேர்வு நாளில் வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வந்தார்கள், 61 சதவீதத்தில் தடை வந்தது. அதே வருடம் நவம்பரில், ஒபாமா நின்ற தேர்தலோடு, மினசோட்டாவில் இதே மாதிரித் தடை தோற்றது. அங்கே அந்தக் கேள்வியை மட்டும் காலியாக விட்டாலும் 'வேண்டாம்' என்றுதான் கணக்கு. ஒவ்வோர் ஊரிலும் ஒரு கோரம், பார்த்தீர்களா.

எஸ்.என்., காரைக்குடி: தைவானில் மக்கள் வேண்டாம் என்றார்கள், அரசு சட்டம் போட்டுவிட்டது. இது மட்டும் நியாயமா?

2017 மே மாதமே அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் இரண்டு வருடத்துக்குள் வழி செய்யுங்கள் என்று சொல்லியாகிவிட்டது. வாக்கெடுப்பு அதற்கு மேலே போக முடியாது. 2018 நவம்பர் 24 அன்று 72 சதவீதம் பேர், உரிமையியல் சட்டத்தில் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்றே இருக்கட்டும் என்றார்கள். சரி, அந்தச் சட்டத்தைத் தொடவில்லை, தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்து 2019 மே 17 அன்று நிறைவேற்றினார்கள். நியாயமோ இல்லையோ, கெட்டிக்காரத்தனம்.

நம் விஷயத்துக்கு வந்தால், அங்கேயும் விதிதான் வேலை செய்தது. முன்பு பாதி வாக்காளர்கள் வந்தாக வேண்டும் என்று இருந்ததை 2017 கடைசியில் தளர்த்தி, மொத்த வாக்காளர்களில் கால்வாசிப் பேர் ஆதரித்தால் போதும் என்றார்கள். கூடவே அன்று உள்ளாட்சித் தேர்தல். மேயருக்கு ஓட்டுப் போட வந்தவர்கள் கையில் பத்து வாக்கெடுப்புச் சீட்டு! வரிசை நகரவே இல்லை, சில இடங்களில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே வேறு பூத்களில் எண்ணிக்கை தொடங்கிவிட்டது. அடுத்த வருடமே வாக்கெடுப்பைத் தேர்தலிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

பி.ஆர்., டூங்காபி, சிட்னி: 2017இல் ஆஸ்திரேலியாவே சரி என்றபோது எங்கள் மேற்கு சிட்னி மட்டும் வேண்டாம் என்றது. 'குடியேறியவர்கள்தான் காரணம்' என்று எங்களைக் கைகாட்டினார்கள். உங்கள் கருத்து?

அது சட்டப்படி தேர்தலே அல்ல, புள்ளியியல் துறை நடத்திய தபால் கணக்கெடுப்பு. வாக்களிப்பது கட்டாயமான நாட்டில் இஷ்டப்பட்டவர்கள் மட்டும் அனுப்பலாம் என்றார்கள். தபால் என்றால் பெரியவர்கள் அனுப்புவார்கள், இளசுகளுக்குத் தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்று ஒரு கணக்கு ஓடியது. பாதி பலித்தது: 70 முதல் 74 வயதுக்காரர்கள் பத்துக்கு ஒன்பது பேர் அனுப்பினார்கள், 25 முதல் 29 வயதுக்காரர்கள் 72 சதவீதம்தான். ஆனால் மொத்தம் 79.5 சதவீதம் வந்து சேர்ந்ததால் யார் சோம்பேறி என்பது முடிவைத் தீர்மானிக்கவில்லை. 61.6 சதவீதம் சரி. (உறைக்குள் ஜிகினாத் தூள் போட்டு அனுப்பாதீர்கள் என்று புள்ளியியல் துறை கெஞ்ச வேண்டி வந்தது தனிக் கதை.)

150 தொகுதிகளில் 17 வேண்டாம் என்றன, அதில் 12 நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பெரும்பாலும் உங்கள் பக்கம். பிளாக்ஸ்லேண்டில் 74 சதவீதம் எதிர்ப்பு, பாராமட்டாவில் 62க்குக் கொஞ்சம் குறைவு, கிரீன்வேயில் 54க்குக் கொஞ்சம் குறைவு. இதெல்லாம் உண்மைதான். ஆனால் புள்ளியியல் துறை தொகுதி, வயது, ஆண் பெண் என்றுதான் கணக்கை வெளியிட்டதே தவிர, தமிழர் இத்தனை, லெபனானியர் இத்தனை என்று ஒரு வரிகூட இல்லை. கிரீன்வேயில் 46 சதவீதம் பேர் சரி என்றும் சொல்லியிருக்கிறார்களே, அவர்களில் உங்கள் தெருக்காரர் யாரும் இல்லை என்று கைகாட்டியவருக்கு எப்படித் தெரியும்? எதிர்ப்பு அணிக்காரர்கள் அந்தப் பகுதியில் பல மொழிகளில், சர்ச், மசூதி என்று தேடிப்போய்ப் பேசினார்கள். ஆதரவு அணி சிட்னி நகரத்துக்குள் கொடி கட்டுவதில் காட்டிய உற்சாகத்தை இந்தப் பக்கம் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு வாசகி, மதுரை: இங்கே இப்படி வாக்கெடுப்பு வைத்தால்?

வைக்க வழியில்லை, நம் அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. ஒருவரின் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் ஓட்டுப் போடுவது எனக்கு உவப்பாக இல்லை என்பதால் வழியில்லாததில் வருத்தமும் இல்லை.

கே.எஸ்., ஈரோடு (மறுபடியும் அவரேதான்): ருமேனியாவில் இருந்திருந்தால் நீங்கள் ஓட்டுப் போடப் போயிருப்பீர்களா, புறக்கணித்திருப்பீர்களா?

நல்ல இடத்தில் மடக்குகிறீர்கள். வீட்டில் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு தெரிந்த பிறகு சொல்வது சுலபம். ஆனால் யோசியுங்கள், எதிர்ப்பவர்கள் எல்லாம் போகவே மாட்டார்கள் என்று ஆகிவிட்டால் பூத்துக்குப் போகிறவர் எல்லாம் ஆதரவு என்று ஊருக்கே தெரிந்துவிடும். முந்நூறு வீடு உள்ள கிராமத்தில் பள்ளிக்கூட வாசலில் நிற்பவருக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று தெரியாதா? இதில் ரகசிய ஓட்டு எங்கே இருக்கிறது? போகாதவரின் கதவைச் சாயங்காலம் யாராவது வந்து தட்டவும் செய்யலாம்.

அந்த இரண்டு நாளில் சுமார் இரண்டரை லட்சம் பேர் புறக்கணிப்பைக் கண்டுகொள்ளாமல் போய் 'வேண்டாம்' என்று குத்திவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் போனதால் எதிராளிக்கு வேண்டிய 30 சதவீதத்துக்குத்தான் ஒரு சதவீதத்துக்கு மேல் உதவி. அது தெரிந்தும் போனார்களோ தெரியாமல் போனார்களோ, என் சுபாவத்துக்கு நான் அந்த வரிசையில்தான் நின்றிருப்பேன், திரும்பி வந்ததும் புறக்கணிப்பு நண்பர்களிடம் திட்டும் வாங்கியிருப்பேன்.